சொலினோயிட் வால்வு சூடாகிறதா? புதுக் கொயிலுக்குக் காசு கொடுக்க முன் இதை வாசியுங்கள்

திருகோணமலை டவுனில் ஒரு கடையில் தோட்டத்துத் தண்ணீருக்குச் சொலினோயிட் வால்வும் (கரண்ட் கொடுத்தால் கொயில் என்ற கம்பிச் சுருள் காந்தமாகித் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) அதற்குக் கரண்ட் கொடுக்கும் பவர் பெட்டியும் சேர்த்துத் தருகிறார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. பெட்டி அவர்களே கட்டியது, மூடியில் மார்க்கர் பேனாவால் '12 வோல்ற்' என்று எழுதியிருக்கும். அந்த எழுத்தை நம்பாதீர்கள்.

நிலாவெளியில் என் மிளகாய்த் தோட்டத்துக்கு அதைத்தான் பூட்டினேன். சில நாட்களிலேயே கொயில் கருகிய மணம் வந்தது. கொண்டுபோய்க் காட்டினால், "அண்ணை, இது சைனாச் சாமான், இந்த வெயிலுக்கு இப்பிடித்தான்" என்று சொல்லிப் புதுக் கொயில் விற்றார்கள். அதுவும் எரிந்தது. அடுத்த முறை கிணற்று உப்பைக் காரணம் சொல்லி முழு வால்வையே மாற்றினார்கள். பழையதைத் திருப்பித் தரவுமில்லை. இத்தனைக்கும் ஒருவர்கூட மீற்றரைக் கையில் எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆத்திரம்.

கடைசியில் மச்சான் தன் மல்ரிமீற்றரோடு வந்தார். கொயிலில் 12 வோல்ற் டீசி, 12 வோட்ஸ் என்று அச்சடித்திருக்கிறது. அப்படியானால் அதன் தடை 12 ஓம் அளவில் இருக்க வேண்டும், அளந்தபோது சரியாகவே இருந்தது. வால்வு திறந்திருக்கும்போது பெட்டியிலிருந்து வந்ததோ 15.6 வோல்ற். கொயிலைக் கழற்றினால் 17க்கும் மேல். உள்ளே வெறும் டிரான்ஸ்போமர், நாலு டயோட், ஒரு கெப்பாசிற்றர், அவ்வளவுதான். 12 வோல்ற் ஏசியை டீசியாக்கிக் கெப்பாசிற்றர் போட்டால் ஏசி அலையின் உச்ச அளவுக்கு, 17 வோல்ற் பக்கம், ஏறும், அதைக் கட்டுப்படுத்த ஒன்றுமே இல்லை. வோல்ற் கூடினால் சூடு அதன் வர்க்கத்தில் கூடும். 12 வோட்ஸ் எடுக்க வேண்டிய கொயில் 20 வோட்ஸ் அளவில் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, பிறகு எரியாமல் என்ன செய்யும்?

இதைவிட மோசம் பியூஸ். கண்ணாடிப் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் செப்பு வயர் இழையை முறுக்கி வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் வருவது 230 வோல்ற் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்: நல்ல கொயிலும் நீண்ட நேரம் ஓடினால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடலாம். சூட்டை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவெடுக்க வேண்டாம். கருகிய மணமோ, பிளாஸ்ரிக் வீங்குவதோ தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். ஏசி கொயில் என்றால் கதை வேறு. உள்ளே பிளஞ்சர் (கொயில் மேலே இழுக்கும் இரும்புத் துண்டு) மண்ணிலோ உப்பிலோ இறுகி முழுதாக மேலே வராவிட்டால், வோல்ற் சரியாக இருந்தாலும் கரண்ட் கூடி எரியும். அதற்கு வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

இப்போது வேறு இடத்தில் வாங்கிய, 12 வோல்ற்றில் நிலையாக நிற்கும் 2 அம்பியர் சப்ளை போட்டிருக்கிறேன், அதே கொயில் ஒழுங்காக ஓடுகிறது. கடையில் காசைத் திருப்பிக் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பில் கையில் இருப்பது நல்லதாகப் போயிற்று.

சாம்பல்தீவு, உப்புவெளிப் பக்கமும் இதே மாதிரிப் பெட்டிகள் போயிருப்பதாகக் கேள்வி. உங்களிடம் இருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு முதலில் பியூஸைப் பாருங்கள்.