சூடேறும் எஞ்சினுடன் மூன்று ஆண்டுகள்: கைகொடுத்தவையும் காலை வாரியவையும்

என் காருக்கு வயது 14. பெட்ரோல் எஞ்சின். அதன் வெப்ப முள் முதன்முதலாக நடுக்கோட்டைத் தாண்டி ஏறியது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. அன்றிலிருந்து 42,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. இதற்குள் குளிரூட்டும் அமைப்பில் மூன்று பழுதுகளை வீட்டிலேயே கண்டுபிடித்துச் சரிசெய்தேன். நான்காவது ஒன்றை நானே உண்டாக்கினேன். இதற்காக வாங்கிய கருவிகளில் எவை உழைத்தன, எவை அலமாரியில் தூங்குகின்றன என்று சொல்லும் அளவுக்குக் காலம் கடந்துவிட்டது.

முதல் அறிகுறி இதுதான்: நெரிசலில் ஊர்ந்தால் முள் ஏறும், சாலை காலியாகி வேகம் பிடித்தால் தானாக இறங்கிவிடும். விடையின் பாதி இதிலேயே இருந்தது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும்போது அந்த வேலை விசிறியுடையது. ஆகவே நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் முதலில் விசிறியைத்தான் சந்தேகிக்க வேண்டும். நிற்கும்போது ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது சூடேறினால் கதை வேறு: ரேடியேட்டர் அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து, குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பாதிதான் திறக்கலாம், வாட்டர் பம்ப் தேய்ந்திருக்கலாம். என் காரில் இன்னொரு தடயமும் இருந்தது. நெரிசலில் ஏசி வெதுவெதுப்பாகிவிடும். ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்றுகொண்டு அதே விசிறியின் காற்றைத்தான் நம்பியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று நான் செய்தது, தெர்மோஸ்டாட்டை மாற்றியது. சிறிய பாகம், எளிதில் கழற்றலாம், யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். புதியதைப் பொருத்தியும் முள் ஏறியது. சந்தேகம் வந்து பழையதை ஒரு பாத்திரத் தண்ணீரில், அடியில் படாதபடி கம்பியில் தொங்கவிட்டு, அருகில் வெப்பமானியையும் வைத்து அடுப்பேற்றினேன். அதன் உடலில் 82 என்று பொறித்திருந்தது. 82, 83 டிகிரியில் மெல்ல வாய் திறந்து, 95-க்குள் முழுதாக விரிந்தது. குறையே இல்லாத பாகம்! இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் புதியதை வாங்கியிருக்க வேண்டும். போதாக்குறைக்கு, அதை மூடும் பிளாஸ்டிக் உறையின் போல்ட்டுகளை வெறி வந்தவன்போல் முறுக்கி, உறையில் விரிசல் விழவைத்தேன். நான்காவது பழுது என்று சொன்னது இதைத்தான். புதிய உறையோடு, போல்ட்டை அளவாக முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் ஒன்றும் வாங்கினேன். அது இன்றுவரை உழைக்கிறது.

பிறகுதான் முள்ளை நம்புவதை விட்டேன். பல கார்களில் முள் உண்மையான வெப்பத்தைக் காட்டுவதில்லை. ஏறத்தாழ 75 முதல் 105 டிகிரி வரை எதுவாக இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி, ஓட்டுபவர் வீணாகப் பதறக் கூடாது என்று, வேண்டுமென்றே அமைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட முள் நகரும்போது காரியம் முற்றியிருக்கும். காரின் கணினித் தகவலைப் படிப்பதற்கான ஓபிடி இணைப்பில் செருகும் சிறிய புளூடூத் கருவி ஒன்றைப் பொருத்தியதும் கைப்பேசியில் எண்ணாகவே தெரிந்தது. ஓடும்போது 90. வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் 96, 99, 103. 106-ஐத் தொட்டதும் விசிறி ஒரே பாய்ச்சலாகப் பேரிரைச்சலோடு சுழன்றது. அதற்கு முன்பே மெதுவாகச் சுழலத் தொடங்கியிருக்க வேண்டும். ஏசியைப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் விசிறி அசையவில்லை.

என் காரின் விசிறிக்கு இரண்டு வேகங்கள். குறைந்த வேகத்துக்கான மின்சாரம் ஒரு மின்தடை வழியாக வருகிறது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. விசிறிக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலேயைக் கழற்றி, அதே எண் கொண்ட ஹாரன் ரிலேயை அந்த இடத்தில் செருகிப் பார்த்தேன், பயனில்லை. மல்டிமீட்டரை வைத்ததும் மின்தடை அறுந்துபோயிருப்பது தெரிந்தது. மாற்ற இருபது நிமிடம் ஆயிற்று. இப்போது 97-இல் விசிறி மெதுவாகத் தொடங்கி, 92-இல் நிற்கிறது. மூன்று ஆண்டுகளாக இதில் மாற்றமில்லை. இந்த வேலையில் இறங்குவோருக்கு ஒன்று: சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகச் சுழலும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் அருகே கையைக் கொண்டுபோக வேண்டும்.

எட்டு மாதம் நிம்மதி. அதன்பின் எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறையத் தொடங்கியது. தொட்டியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்ததால் தெரிந்தது: பத்து நாளுக்கு ஒரு விரற்கடை. தரையில் ஒரு சொட்டும் இல்லை. வெளியே ஒழுகாமல் குறைந்தால் மனம் நேராக ஹெட் கேஸ்கட்டுக்குத்தான் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவேயுள்ள அடைப்புத் தகடு) ஓடும். புகைக்குழாயில் இனிப்பு வாடையுள்ள வெண்புகை, ஆயில் மூடியின் அடியில் பாலாடை போன்ற படலம், ரேடியேட்டரில் இடைவிடாத குமிழிகள் ஆகியவை அதன் அடையாளங்கள். எனக்கு ஒன்றும் தென்படவில்லை. இருந்தும் உறக்கம் வராமல், எஞ்சினில் எரிந்த வாயு கூலன்டுக்குள் கசிகிறதா என்று காட்டும் சோதனைத் திரவத்தை வாங்கினேன். கூலன்டில் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலத் திரவம் மஞ்சளாகும். நீலம் நீலமாகவே இருந்தது.

அடுத்து அழுத்தச் சோதனைப் பம்ப். எஞ்சின் முழுதாக ஆறியபின் ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் இதைப் பொருத்தி, மூடியில் குறித்துள்ள அளவைத் தாண்டாமல் கையால் அழுத்தம் ஏற்ற வேண்டும். 1 பார் ஏற்றி இருபது நிமிடம் காத்திருந்தேன்; பம்பின் முள் இறங்கவில்லை. குழாய்களில் கசிவில்லை என்று பொருள். மூடியைத் தனியாகச் சோதித்தேன். 1.1 என்று அச்சிட்டிருந்த மூடி 0.5 பாரிலேயே வாயைத் திறந்துவிட்டது.

இந்த மூடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் இதை மதிப்பதில்லை. பிரஷர் குக்கர் மூடி செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்த திரவம் திறந்த நிலையில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். 1 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் 125-ஐயும் தாண்டிய பிறகே கொதிக்கும். மூடி தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு இடைவெளி சுருங்கிவிடும். திரவம் தொட்டிக்குத் தள்ளப்பட்டு ஆவியாகிப் போகும். அதே மூடியில் எதிர்த்திசை வால்வு ஒன்றும் உண்டு. அது அடைத்துக்கொண்டால், எஞ்சின் ஆறும்போது மேல் ஹோஸ் சப்பிப்போய் நிற்கும். புதிய மூடி போட்டேன், கூலன்ட் கோட்டைவிட்டு இறங்கவில்லை. என் கணக்கில் வாங்கியவற்றிலேயே சிறந்தது அழுத்தப் பம்ப்தான். ஓபிடி கருவி அதற்கு அடுத்தது.

மூன்றாவது பழுது என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நீண்ட ஏற்றங்களில் மட்டும் 102 வரை போனது. விளக்கை அடித்துப் பார்த்தால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தூசியும் பூச்சிகளும் கம்பளிபோல் படிந்திருந்தன. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெல்லிய நீர்வீச்சில் கழுவினேன். அதிவேக நீரைப் பாய்ச்சினால் அலுமினியத் தகடுகள் மடங்கிவிடும். அதே ஏற்றத்தில் இப்போது 94.

கூலன்ட் மாற்றியபோது ஒருமுறை காற்று சிக்கிக்கொண்டது. வெப்பம் 104-க்குத் தாவி, உடனே சரிந்தது. உள்ளே ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தது. முன்சக்கரங்களை உயர்த்தி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புனல் வழியாகக் குமிழிகள் நிற்கும்வரை நிரப்பியதும் சரியானது. நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்க வேண்டாம். நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. கையேட்டில் உள்ள தர எண்ணைப் பார்க்க வேண்டும். வடித்த பழைய திரவத்தை மூடி வைப்பதும் முக்கியம். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கும், பூனைகளும் நக்கக்கூடும், அது நஞ்சு.

அலமாரியில் தூங்குபவை இரண்டு. அகச்சிவப்பு வெப்பமானி பளபளப்பான அலுமினியத்தில் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். ரப்பர் ஹோஸிலோ கருப்பு டேப் ஒட்டிய இடத்திலோ மட்டும் நம்பலாம். கசிவை அடைக்கும் என்று சொல்லி விற்கும் திரவத்தைப் பதற்றத்தில் முதல் மாதமே ஊற்றினேன். ஓராண்டு கழித்து ஹீட்டர் குழாயைக் கழற்றியபோது பழுப்புச் சேறாக வந்தது. மீதிக் குப்பி இன்னும் கிடக்கிறது.

நடுவழியில் வெப்பம் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் வைத்து, ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுகிறேன். சூடான மூடியைத் திறப்பதில்லை. மேல் ஹோஸைப் பிசைந்தால் விறைப்பு இல்லாமல் கைக்கு இதமாக இருக்கும்வரை காத்திருக்கிறேன்.

சென்ற மாதம் வாட்டர் பம்பின் கசிவுத் துளைக்குக் கீழே உலர்ந்த கறை ஒன்றைப் பார்த்தேன். என் எஞ்சினில் பம்ப் டைமிங் பெல்ட்டோடு சேர்ந்தது. அதில் நான் கை வைக்கப்போவதில்லை. அடுத்த பெல்ட் மாற்றத்துக்கு 6,000 கிலோமீட்டர் இருக்கிறது. அதுவரை காத்திருக்காமல் இரண்டையும் ஒன்றாக மாற்ற மெக்கானிக்கிடம் நாள் கேட்டிருக்கிறேன். தொட்டியில் பேனாக் கோட்டைப் புதிதாக வரைந்து வைத்திருக்கிறேன்; இன்று காலை வரை இறங்கவில்லை.