எல்இடியை யார் கையில் கொடுப்பது: கெர்னலா, ஸ்கிரிப்டா, லிப்ஜிபிஐஓடியா?

திரையும் இல்லாமல் விசைப்பலகையும் இல்லாமல் மூலையில் கிடக்கும் பெட்டிக்கு வாய் என்றால் அது எல்இடிதான். ராஸ்பெர்ரி பை ஸீரோ என்ற சிறு கணினியில் அதுவும் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை எதற்குப் பயன்படுத்துகிறோம், யார் அதை ஏற்றி அணைக்கிறார்கள் என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஏன் என்று சொல்கிறேன்.

லினக்ஸில் மூன்று வழி இருக்கிறது. முதல் வழி, லினக்ஸின் உட்கருவான கெர்னலிடமே விட்டுவிடுவது. 2006-இல் 2.6.17 பதிப்பிலிருந்து கெர்னலுக்குள் எல்இடிக்கென்றே தனிப் பகுதி உண்டு, அதில் டிரிகர் என்று ஒன்றை, அதாவது விளக்கு எப்போது எரிய வேண்டும் என்ற விதியை, தேர்ந்தெடுத்துவிட்டால் மற்றதைக் கெர்னல் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது, பைத்தானிலோ ஷெல்லிலோ ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, கெர்னலின் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் இருக்கும் பிரைட்னஸ் கோப்பில் மாற்றி மாற்றி 1, 0 எழுதுவது. மூன்றாவது, எல்இடி என்ற அடையாளமே கொடுக்காமல் அதைப் போர்டின் வெறும் பின்னாக (மின்முனையாக) எடுத்துக்கொண்டு லிப்ஜிபிஐஓடி என்ற நூலகம் வழியாக நேரே ஆட்டுவது.

எல்லாரும் இரண்டாவதில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான். ஐந்து வரி போதும், உடனே சிமிட்டும், பார்க்கச் சந்தோஷமாக இருக்கும். வெப்பநிலையைப் பதிவு செய்யும் ஒரு ராஸ்பெர்ரி பையில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் நினைவகம் தீர்ந்து, கெர்னல் அந்த ஸ்கிரிப்டைக் கொன்றுவிட்டது. கொன்ற நொடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஸ்கிரிப்ட் செத்த பிறகும் அப்படியே எரிந்துகொண்டே இருந்தது. கடந்து போகும்போதெல்லாம் பச்சை தெரிகிறதே என்று நான்கு நாள் விட்டுவிட்டேன். நான்கு நாள் தரவு போச்சு. விளக்கு எரிகிறதா என்று பார்த்தேனே தவிர, சிமிட்டுகிறதா என்று நின்று பார்க்கவில்லை. போகிற போக்கில் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

ஸ்கிரிப்ட் வழியின் அடிப்படைக் குறை இதுதான். எழுதியவர் போனாலும் எழுதிய மதிப்பு தங்கிவிடும். பூட் ஆகும்போதும் இதே கதை. சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி எழுந்து, உங்கள் சர்வீஸ் முறை வந்த பிறகுதான் விளக்குக்கு உயிர் வரும். எஸ்டி கார்டில் ரூட் பகுதி கெட்டுப்போய்ப் பாதியிலேயே நின்றால், எங்கே நின்றது என்று காட்ட ஒரு சிமிட்டல்கூட இருக்காது.

கெர்னல் டிரிகரை, போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயிலேயே எழுதிவிட்டால், எல்இடி டிரைவர் ஏறியதுமே வேலை தொடங்கிவிடும், கோப்பமைப்பு மவுன்ட் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். ராஸ்பெர்ரி பையில் இதற்கு டிவைஸ் ட்ரீ எழுதத் தெரிந்திருக்கவும் வேண்டாம், கான்ஃபிக் கோப்பில் ஆக்ட் எல்இடி டிரிகர் என்ற டிடிபாராம் வரியில் ஹார்ட்பீட் என்று போட்டால் சரி. சாதாரண லினக்ஸ் கணினி என்றால் சாதனம் தென்பட்டதும் ஓடும் யூடெவ் விதி ஒன்றோ, பூட்டின்போது கோப்பில் மதிப்பு எழுதும் டெம்ப்ஃபைல்ஸ் வரி ஒன்றோ போதும். டிரிகர் கோப்பைத் திறந்து படித்தால் அந்தக் கெர்னலுக்குத் தெரிந்த எல்லா டிரிகரும் வரிசையாக வரும், இப்போது ஓடுவது எதுவோ அது சதுர அடைப்புக்குள் இருக்கும். நீங்கள் தேடுவது அந்தப் பட்டியலில் இல்லை என்றால் முதலில் மாட்ப்ரோப் கட்டளையால் ஏற்றிப் பாருங்கள், தனி மாட்யூலாக இருக்கலாம். அதுவும் இல்லை என்றால்தான் கெர்னலைக் கட்டமைக்கும் வேலை வரும். எல்இடி டிரிகர் பிரிவுக்குள் போய் வேண்டியதை இயக்கிவிட்டு மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஆயத்தக் கெர்னல் வைத்திருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது.

ஹார்ட்பீட் எனக்கு மிகவும் பிடித்த டிரிகர். அதை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? 70 மில்லிநொடி ஒரு துடிப்பு, சற்று விட்டு இன்னொரு 70, பிறகு இடைவெளி. நம் நாடித் துடிப்பு மாதிரியே லப்-டப். சுமை எதுவும் இல்லாதபோது ஒரு சுற்றுக்கு 1260 மில்லிநொடி ஆகும். ஒரு நிமிட லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் பிராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) 1 ஆனால் 860, 5 ஆனால் 510. சுமை எவ்வளவு ஏறினாலும் 300-க்குக் கீழே போகாது. இதில் எனக்குப் பயன்பட்ட விஷயம் ஒன்று உண்டு. லினக்ஸில் டிஸ்க்குக்காகக் காத்து முடங்கிக் கிடக்கும் பிராசஸ்களும் லோட் ஆவரேஜில் சேரும். அதனால் தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்ஹெச் பதிலே சொல்லாமல், ஆனால் விளக்கு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது எஸ்டி கார்டைத்தான்.

ஆனால் ஹார்ட்பீட்டை முழுதாக நம்பிவிடவும் கூடாது. கெர்னலின் டைமர் ஓடுகிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மீள முடியாத பிழையில் கெர்னல் பானிக் ஆனால் அணைந்துவிடும், அது நல்லது. உங்கள் சர்வீஸ் செத்தாலோ அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கும். என்னுடைய அந்த நான்கு நாளை ஹார்ட்பீட்டும் காப்பாற்றியிருக்காது.

அதற்கு நான் வைத்திருக்கும் வழி ஒன்ஷாட் டிரிகர். பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு அது ஆதங்கம். இதில் ஷாட் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் நீங்கள் எதை எழுதினாலும் விளக்கு ஒரு முறை மின்னி அணையும், எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை டிலே ஆன், டிலே ஆஃப் கோப்புகளில் மில்லிநொடியில் சொல்லலாம். ஒரு அளவீட்டை வட்டில் எழுதி முடித்த கையோடு ஷாட்டில் 1 எழுது, அவ்வளவுதான் ஸ்கிரிப்டின் பங்கு. அணைப்பது கெர்னலின் பொறுப்பு. ஸ்கிரிப்ட் எந்த நொடியில் செத்தாலும் விளக்கு எரிந்த நிலையில் மாட்டிக்கொள்ளாது. லூப் எங்காவது தொங்கிவிட்டால் மின்னல் நிற்கும். இருட்டாக இருந்தால் ஏதோ கோளாறு என்று தூரத்திலிருந்தே தெரியும்.

நெட்வொர்க்குக்கு நெட்டெவ் டிரிகரோடு எந்த ஸ்கிரிப்டும் போட்டி போட முடியாது. இன்டர்ஃபேஸ் பெயரை எழுதி லிங்க், டிஎக்ஸ், ஆர்எக்ஸ் மூன்றிலும் 1 போட்டால் இணைப்பு இருக்கும்வரை எரியும், தரவு போய்வந்தால் சிமிட்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் ஓடும் ரவுட்டரில் சிஸ்டம் பக்கத்தில் எல்இடி அமைப்பு என்று பார்ப்பீர்களே, அதற்கு அடியிலும் இதே டிரிகர்தான்.

லிப்ஜிபிஐஓடிக்கு வருவோம். பின்களைச் சிஸ்எஃப்எஸ் கோப்புகளால் ஆட்டும் பழைய ஜிபிஐஓ வழியைவிட இது எவ்வளவோ மேல். ராஸ்பெர்ரி பை 6.6 கெர்னலுக்கு மாறியபோது அந்தப் பழைய வழியில் பின் எண்கள் 512-இலிருந்து எண்ணத் தொடங்கின, 17 என்று எழுதிவைத்த ஸ்கிரிப்ட்கள் எல்லாம் அப்படியே நின்றன. லிப்ஜிபிஐஓடியில் சிப்பையும் அதற்குள் இருக்கும் லைனையும் சொல்லிக் கேட்பதால் அந்தத் தொல்லை இல்லை. ரிலே, பட்டன், சென்சார் என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள். எல்இடிக்கு மட்டும் இது எனக்கு ஒத்துவரவில்லை. லைனைப் பிடித்திருக்கும் பிராசஸ் முடிந்ததும் அந்தப் பின் எந்த நிலையில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதோடு போர்டிலேயே இருக்கும் எல்இடியை எல்இடி டிரைவர் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தால் பிஸி என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். நீங்களே பிரெட்போர்டில் செருகிய எல்இடியாக இருந்தாலும், டிவைஸ் ட்ரீயில் சேர்க்கும் ஜிபிஐஓ-லெட் ஓவர்லே ஒரு வரி போட்டு அதைக் கெர்னலுக்கு எல்இடியாக அறிமுகப்படுத்திவிடுங்கள். அப்புறம் அத்தனை டிரிகரும் அதற்கும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. இரவில் வெளிச்சம் உறுத்துகிறது என்று, நேரம் குறித்து வேலை ஓட்டும் கிரானில் பிரைட்னஸுக்கு 0 எழுதுபவர்கள் உண்டு. 0 எழுதினால் விளக்கோடு டிரிகரும் கழன்றுவிடும். காலையில் 1 எழுதினால் துடிப்பு திரும்பி வராது, சும்மா எரிந்துகொண்டு நிற்கும். காலை வரியில் பிரைட்னஸைத் தொடாமல் டிரிகர் பெயரையே எழுதுங்கள். ஒன்ஷாட் என்றால் டிலே மதிப்புகளையும் மறுபடி எழுத வேண்டும், டிரிகர் கழலும்போது அவையும் போய்விடும்.

இப்போது என் பை ஸீரோவில் இருக்கும் அந்த ஒற்றை விளக்குக்கு ஒன்ஷாட், இரண்டு விளக்கு உள்ள போர்டுகளில் ஒன்றுக்கு ஹார்ட்பீட், இன்னொன்றுக்கு ஒன்ஷாட். பிரைட்னஸை நேரே தொடும் ஸ்கிரிப்ட் எதையும் நான் வைத்துக்கொள்ளவில்லை.