கடலூர் மஞ்சக்குப்பம் மாடி வகுப்பு: 4 ஞாயிறு, 600 ரூபாய்

நான் சிறுசேமிப்பு முகவர். 22 வருஷமா புதுப்பாளையத்தில் வீடு வீடாகப் போய் ஆர்.டி. (மாசா மாசம் கட்டும் சேமிப்பு) பணம் வாங்கிக் கட்டுறேன். 2021-ல் வாட்ஸ்அப்பில் வந்த பேச்சை நம்பி, ஓர் இணைய நிறுவனத்தின் பங்கை அது சந்தைக்கு வந்த வாரமே வாங்கினேன். போட்டது 1,20,000 ரூபாய். அடுத்த வருஷம் பாதிதான் இருந்தது. பல ராத்திரி தூங்கலை. அதனால்தான் பங்கு வாங்கும் முன் நிறுவனத்தின் கணக்கைப் பார்க்கச் சொல்லித்தரும் இந்த வகுப்பில் சேர்ந்தேன்.

நடத்துபவர் பங்குத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பங்கையும் வாங்கு, வில் என்று சொல்வதில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்கைப் பெயரில்லாமல் பலகையில் எழுதிவிட்டு எங்களைப் பேச விடுவார்.

இரண்டாவது ஞாயிறு எழுதியது: 1999-ஆம் வருஷ விற்பனை 164 கோடி டாலர், நஷ்டம் 72 கோடி டாலர். லாரன்ஸ் ரோட்டில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணன் எழுந்தே விட்டார். "நூறு ரூபாய்க்கு வித்து நாப்பத்து நாலு ரூபா கையை விட்டுப் போகுது. இது கடையா சார்?" பின்வரிசைக் கல்லூரித் தம்பி விடவில்லை. "அண்ணே, வாடிக்கையாளர் காசு இன்னைக்கே வருது. சரக்கு கொடுத்தவனுக்குப் பிறகுதான் கொடுக்கிறாங்க. நீங்களும் கடனுக்குத்தானே சரக்கு எடுக்குறீங்க?" அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கடன் கொடுக்கிறவன் நிறுத்திட்டா?" என்றார். அந்தக் கேள்விக்காகவே 600 ரூபாய் தகும்.

சார் பெயரைச் சொன்னார்: அமேசான். 1999 டிசம்பரில் 100 டாலரைத் தாண்டியிருந்த பங்கு 2001-ல் 10 டாலருக்குக் கீழே போனது. ஆனால் இணைய நிறுவனங்களின் பங்குகள் மொத்தமாகச் சரிவதற்குச் சில வாரம் முன்பு, 2000 பிப்ரவரியில், கடன் பத்திரம் மூலம் 69 கோடி யூரோ திரட்டி வைத்திருந்தது. அந்தக் காசு கையில் இருந்ததால் தாக்குப் பிடித்து, 2001-ன் கடைசிக் காலாண்டில் 50 லட்சம் டாலர் லாபம் காட்டியது. அதே பிப்ரவரியில் 11 டாலருக்குப் பங்கு விற்ற, வளர்ப்புப் பிராணிப் பொருள் விற்கும் இணையக் கடை பெட்ஸ்.காம், நாய்த் தீனியை அடக்கத்துக்கும் கீழே விற்று நவம்பரில் கடையை மூடியது. முதலில் நஷ்டத்தைப் பார், பிறகு அது எத்தனை மாசம் தாங்கும் என்று பார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் வாங்கின பங்குக்கு இந்த ஒரு கணக்கைக்கூட போட்டுப் பார்க்கவில்லை.

குறையும் உண்டு. இணைய வலையமைப்புக் கருவி செய்யும் சிஸ்கோவைக் கடைசி 20 நிமிஷத்தில் முடித்துவிட்டார். அது நல்ல லாபம் பார்த்த நிறுவனம். ஆனாலும் 2000 மார்ச்சில் 80 டாலர் போன பங்கு 2002-ல் 10 டாலருக்குக் கீழே வந்தது. ஆண்டு லாபத்தைப் போல நூறு மடங்குக்கும் மேல் விலை கொடுத்து வாங்கினார்கள். லாபம் இருந்தால் போதும் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதற்கே ஒரு ஞாயிறு வேண்டும். இணைய இணைப்பு தந்த நம்ம சென்னை சத்யம் இன்ஃபோவே 1999-ல் இணையதள நிறுவனமான இந்தியாவேர்ல்டை 499 கோடி ரூபாய்க்கு வாங்கியதையும் ஒரே வரியில் தாண்டிவிட்டார்.

படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் முன்னாலேயே சொன்னால் கீழ் அறையில் நடத்துகிறார். அடுத்த வகுப்பு பொங்கலுக்குப் பிறகு. வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு மறுபடி போகிறேன். கால்குலேட்டர் எடுத்துப் போங்கள், உள்ளே செல்போனை எடுக்கவிட மாட்டார்.