பெரிய கைக்கு எந்த .32 பிஸ்டல்? 8 வருஷம் இடுப்புல வச்சு நடந்த அனுபவம்

குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் யாவாரம் எனக்கு. சின்னச் சின்ன தோட்டக்காரங்ககிட்ட ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுத்து மார்த்தாண்டத்துல கொண்டு போடுறது, பணம் பெரும்பாலும் ரொக்கமாத்தான் கை மாறும், திரும்பி வரும்போ ராத்திரி ஆயிரும், மழைக்காலத்துல தோட்டத்து ரோட்டுல ஒரு ஆள் அனக்கம் இருக்காது. அப்பா இதே யாவாரம் பாத்தாவ, அவிய காலத்துலயே வீட்டுல ஒரு .32 (அங்குலத்துல தோட்டா அளவு) பிஸ்டலும் லைசென்ஸும் உண்டு. 2016 ஆயுத விதிகள்ல ஒரு வழி வச்சிருக்காங்க, லைசென்ஸ்காரருக்கு 70 வயசு ஆனாலோ இல்ல துப்பாக்கிய 25 வருஷம் வச்சிருந்தாலோ வாரிசு பேருக்கு மாத்திக் கேக்கலாம். அப்பாவுக்கு 70 ஆனதும் 2017-ல நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்து, போலீஸ் விசாரணை எல்லாம் முடிஞ்சு எனக்க பேருக்கு வந்துச்சு.

வந்த அன்னைக்கு பெட்டியத் திறந்து கையில எடுத்தப்பதான் விஷயமே தெரிஞ்சுது. அது அப்பா கைக்கு உள்ள சாமானம், எனக்க கைக்கு இல்ல. அப்பாவுக்கு மணிக்கட்டு ரேகையிலேருந்து நடுவிரல் நுனி வரைக்கும் 18 சென்டிமீட்டர், எனக்கு இருபத்தொண்ணரை. கடையில கிளவுஸ் எடுத்தா எக்ஸ்எல் கூட இறுக்கம்தான். பிடியில நடுவிரலும் மோதிர விரல்ல பாதியும்தான் உக்காந்துச்சு, சுண்டுவிரல் சுத்தமா வெளிய காத்துல நிக்கும். எந்த கம்பெனின்னு சொல்லல, குறை பிஸ்டல்ல இல்ல, பழைய காலத்து வெளிநாட்டு சாமானம், நல்ல வேலைப்பாடு, அப்பா 30 வருஷம் வச்சிருந்து ஒரு தடவ கூட அவியள ஏமாத்தினதில்ல. கைக்கும் அதுக்கும் பொருந்தல, அவ்வளவுதான்.

முத தடவ ரேஞ்சுல (சுட்டுப் பழகுற இடம்) கொண்டு போய் சுட்டது நல்லா ஞாபகம் இருக்கு. அஞ்சாவது ரவுண்டுலயே பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல உள்ள சதையில எரிச்சல், பாத்தா ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு கோடு, ரத்தம் பொடிச்சு நிக்குது. சின்ன பிஸ்டலோட பின்பக்க வால் குட்டையா இருக்கும், பெரிய கையில சதை அதுக்கு மேல ஏறி நிக்கும், சிலைடு (சுடும்போ மேல பின்னால ஓடுற இரும்பு) பின்னால ஓடி வரும்போ அடிப்பக்க விளிம்பு ரெண்டும் அந்த சதைய சீவிட்டு போவும், வெளிய நிக்கிற ஹேமர் (தோட்டாவ வெடிக்க வைக்கிற சுத்தியல்) வேற அதுக்கு மேல கடிக்கும். கடி வாங்கினதுக்கு அப்புறம் மனசு அறியாமலே கை கீழ இறங்கிப் பிடிக்கும், அப்பம் இருக்கிற ஒண்ணரை விரலும் ஒண்ணு ஆயிரும். .32 சின்ன தோட்டாதானே, உதை இருக்காதுன்னு நினைப்போம். ஆனா இந்த பழைய வகையில பேரல் (குழல்) பிஸ்டல் உடம்போட அசையாம நிக்கும், சிலைடோட கனமும் ஸ்பிரிங்கும் மட்டுந்தான் வெடியத் தாங்குது, அதனால சின்ன உடம்புல உதை சுருக்குன்னு கையில இறங்கும்.

அடுத்த பிரச்சனை டிரிக்கர். விரல் நீளமா இருக்கதுனால நுனிச் சதைக்கு பதிலா முதல் கணு தாண்டி உள்ள போயிரும், இழுக்கும்போ நேரா பின்னால வராம பக்கவாட்டுல திருகும். நான் வலது கை, 10 மீட்டர்ல வச்ச காகிதத்துல எல்லா ஓட்டையும் வலது பக்கமா ஒதுங்கி நின்னுச்சு. ரேஞ்சுல உள்ள பழைய பட்டாளத்துக்கார அண்ணாச்சி ஒருத்தர் பாத்துட்டு, தம்பி ஒங்க கண்ணுல குத்தமில்ல, விரல் ஜாஸ்தி போவுதுன்னு சொன்னாவ. சின்ன கைக்காரங்களுக்கு டிரிக்கர் எட்டலன்னு கவலை, நமக்கு எட்டித் தாண்டிப் போவுதுன்னு கவலை.

மூணு வருஷம் அதையே எப்படியாவது சரி பண்ணப் பாத்தேன். சைக்கிள் டியூப் ஒரு சாண் வெட்டி பிடியில இறுக்கிப் போட்டேன், நிறைய பேர் செய்யிற வழிதான், உண்மையிலேயே பிடி தடிச்சு டிரிக்கர் தூரம் கூடி விரல் சரியான இடத்துல வந்துச்சு. ஆனா நம்ம ஊருக்கு அது ஒத்து வராது. ஜூன்ல ஒரு மழை, ஐப்பசியில ஒரு மழை, நடுவுல உள்ள மாசத்துல வேர்வை. ஒரு நாள் டியூப்ப உருவினப்ப பிடியோட முன்பக்க இரும்புல விரல் பதிஞ்ச மாதிரி துரு பிடிச்சிருந்துச்சு. ரப்பருக்கு அடியில வேர்வை போச்சுன்னா வெளிய வராது, ரப்பர் யாவாரம் பாக்கிற எனக்கு அது முன்னாடியே தோணியிருக்கணும். மனசு ரொம்ப கஷ்டமாப் போச்சு, அப்பா 30 வருஷம் ஒரு புள்ளி துரு இல்லாம வச்சிருந்த சாமானம் அது.

நெட்ல பெரிய கைக்கு எந்த பிஸ்டல்னு தேடினா எல்லாம் அமெரிக்காக்காரங்க சொல்றதுதான் வரும், கிளாக், சிக்குன்னு கம்பெனி பேரா. நமக்கு 9 எம்எம் தடை செஞ்ச போர் (குழல் அளவு), நாம தேட வேண்டியது பெரும்பாலும் .32 தான். ஆனாலும் அவங்க சொல்றதுல ஒரு விஷயம் எனக்கு கண்ணத் திறந்துச்சு. கிளாக் 43-ன்னு 2015-ல ஒரு மெல்லிய பிஸ்டல் விட்டாங்க, 6 ரவுண்டு (தோட்டா) கொள்ளும், பிடி குட்டை. 2019-ல 43எக்ஸ் வந்துச்சு, அதே நீள சிலைடு, பிடிய மட்டும் நீட்டி 10 ரவுண்டு ஆக்கிட்டாங்க. சிக் பி365 2018-ல வந்து அடுத்த வருஷமே நீளப் பிடியோட எக்ஸ்எல் வந்துச்சு. அதாவது மெல்லிசு மெல்லிசாவே இருக்கட்டும், பிடிய மட்டும் ஒரு சைஸ் ஏத்துன்னு அர்த்தம்.

இதையே பெல்ஜியத்துல எஃப்என் கம்பெனி 100 வருஷம் முன்னாடி செஞ்சுட்டாங்க. பிரவுனிங் வடிவமைச்ச 1910 மாடல் சட்டைப் பைக்கு உள்ளது, 15 சென்டிமீட்டர் சொச்சம் நீளம், .32-ல 7 ரவுண்டு. அப்புறம் யுகோஸ்லாவியா ராணுவத்துக்கு வேணும்னு பேரல நீட்டி, பிடிய இறக்கி 9 ரவுண்டு ஆக்கினதுதான் 1922 மாடல். நீளம் கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர் ஆச்சே தவிர தடிமன் கூடல. ஹேமர் வெளிய கிடையாது, உள்ள ஸ்டிரைக்கர் (தோட்டாவக் குத்துற ஊசி), அதனால கடிக்க ஒண்ணுமில்ல. கோல்ட் கம்பெனியோட 1903 மாடலும் இதே மாதிரிதான், ஹேமர் சிலைடுக்கு உள்ள மறைஞ்சிருக்கும், 8 ரவுண்டு, பெரிய கைக்கு அதுவும் நல்லது. வால்தர் கம்பெனியில பிபிகே (1931) வேண்டாம், பிபி (1929) பாருங்க, பிடி கொஞ்சம் இறக்கம் உண்டு.

வெளிநாட்டு பிஸ்டல் புதுசா இறக்குமதி ஆவுறது நின்னு போய் ரொம்ப வருஷம் ஆச்சு, உள்ளூர்ல கை மாறுறதுதான், விலை லட்சக்கணக்குல. நான் ஒன்றரை வருஷம் காத்திருந்து, ஓய்வு பெற்ற ஒரு அதிகாரிகிட்டேருந்து ஒரு 1922 முறைப்படி டீலர் வழியா, லைசென்ஸ்ல ஏத்தி, 2020 கடைசியில எடுத்தேன். 2019 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளு 2 துப்பாக்கிக்கு மேல வைக்க முடியாது, அப்பாவோடது ஒண்ணு இது ஒண்ணு, கணக்கு முடிஞ்சுது. லைசென்ஸ் காலமும் அப்பதான் 3 வருஷத்துலேருந்து 5 வருஷம் ஆச்சு.

எடுக்கும்போ நான் பாத்தது இதுதான், ஒங்களுக்கும் உபயோகப்படும். மேகசின (பிடிக்குள்ள தோட்டா அடுக்குற பெட்டி) உருவி, சேம்பர (குழல்ல தோட்டா உக்காருற இடம்) ரெண்டு தடவ பாத்து, காலின்னு உறுதி ஆனப்புறம் கண்ண மூடிட்டு பிடிங்க. சுண்டுவிரல் பிடியில உக்காருதா, பாதியாவது உக்காரணும். சிலைட மெதுவா பின்னால இழுத்து, சதையத் தொடுதான்னு பாருங்க, தொட்டா சுடும்போ கண்டிப்பா கடிக்கும், பழகிரும்னு யாராவது சொன்னா கேக்காதிய. கடைசியா டிரிக்கர்ல விரல் வச்சு, நகத்துக்கு நேர் கீழ உள்ள சதை படுதா இல்ல கணு படுதான்னு பாருங்க. இந்த மூணும் கடையில நின்னு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும். நானும் அப்பா சாமானத்த இப்படி ஒரு நாள் பாத்திருந்தா மூணு வருஷம் மிச்சம்.

1922-ல சுண்டுவிரல் முழுசா உக்காந்துச்சு, கடி இல்ல, ஆனா டிரிக்கர் தூரம் இன்னும் குறைவுதான். அதுக்கு வழி பிடிப் பலகையில இருந்துச்சு. வீட்டு பழைய ஈட்டி மரக் கட்டில் கால் ஒண்ணு கிடந்துது, நம்ம ஆசாரிகிட்ட ஒரிஜினல் பலகை ரெண்டையும் மட்டும் கழட்டிக் கொண்டு குடுத்தேன், பிஸ்டல் வீட்டு லாக்கரத் தாண்டல, லைசென்ஸ் இல்லாத ஆளுகிட்ட சாமானத்த விட்டுட்டு வரப்படாது. பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் தடிமன் கூட்டச் சொன்னேன். அவரு முதல்ல ஒரே தடிமன்ல செஞ்சாரு, பிடிச்சுப் பாத்தா செங்கல் மாதிரி இருந்துச்சு. அப்புறம் எனக்க உள்ளங்கையில சாயத்த தடவி ஒரு தேக்குத் துண்டப் பிடிக்க வச்சு, சாயம் படாத இடம் எங்கன இருக்குன்னு பாத்து, அங்கன மட்டும் மரத்த விட்டு மிச்சத்த இழைச்சு எடுத்தாரு. உள்ளங்கைக் குழியில வந்து நிறையுற மாதிரி பின்பக்கமா புடைப்பு, விரல் சுத்துற முன்பக்கம் மெலிசு. ரெண்டு நாள் கூலிதான். மாட்டிப் பிடிச்சதும் ஆள்காட்டி விரல் தானா கொஞ்சம் பின்னால வந்து நுனிச் சதையில நின்னுச்சு. 10 மீட்டர்ல வலது பக்க ஒதுக்கம் அன்னைக்கே போச்சு.

ஒரு எச்சரிக்கை, இந்த மாடல்ல பிடிக்குப் பின்னால அமுங்குற கிரிப் சேஃப்டி (கை அத அமுக்கினாத்தான் சுடும்) உண்டு, பலகை புடைப்பு அதத் தடுக்கப்படாது. சைக்கிள் டியூப் இதுல போடவே கூடாது.

5 வருஷமா இடுப்புல வச்சதுல குறையும் சொல்லணும். காலியா 700 கிராம் பக்கம், அப்பாவோடத விட நல்லா தெரியும். குறி பாக்கிற காடி ரொம்ப சின்னது, எனக்கு 50 தாண்டினதுக்கு அப்புறம் சாயங்கால வெளிச்சத்துல தெரியல. மேகசின் விடுவிக்கிற கொக்கி பிடிக்கு அடியில, ரெண்டு கையும் வேணும். சேம்பர்ல தோட்டா இருந்தா ஸ்டிரைக்கர் எப்பவும் இழுபட்டே நிக்கும், கீழ விழுந்தா என்ன ஆவும்னு 100 வருஷ பழைய வடிவத்த நம்பி நான் இருக்க மாட்டேன், அதனால சேம்பர் காலியாத்தான் வைப்பேன். அது எனக்க முடிவு, மாத்திக்கிற எண்ணம் இல்ல.

வேஷ்டிதான் பெரிய சிக்கல். பேன்ட்டுக்கு உள்ள ஹோல்ஸ்டர் (பிஸ்டல் உறை) எதுவும் வேஷ்டியில நிக்காது, மடிச்சுக் கட்டினா எடை முழுக்க ஒரு பக்கம் இழுக்கும். நான் பட்டையான பச்சை பெல்ட்டுக்கு மேல ஹோல்ஸ்டர, வலது இடுப்புக்குப் பின்னால வர்ற மாதிரி தைச்சு, சட்டைய வெளிய விடுறேன். நீளப் பிடி சட்டைல புடைச்சுத் தெரியும்னு பயந்தேன், பிடி கொஞ்சம் முன்னால சாஞ்சு நிக்கிற மாதிரி ஹோல்ஸ்டர் வாங்கினதும் அது தெரியல. கல்யாண வீடு, திருவிழா, கூட்டம்னா லாக்கர்லதான், சட்டமும் அதான். தோலு ஹோல்ஸ்டர்ல வச்சே ராத்திரி விடாதிய, நம்ம ஈரத்துக்கு தோலு வெள்ளத்த இழுத்து வச்சிருக்கும், தோலுப் பட்டையில சொருகின பித்தளைத் தோட்டாவுல பச்சை பூத்துரும். நான் ராத்திரி எடுத்து துணியால துடைச்சு, மெல்லிசா துப்பாக்கி எண்ணெய் தடவி, கம்பளித் துணி விரிச்ச தகர டப்பாவுல வைக்கிறேன். குளச்சல், முட்டம் பக்கம் கடலோரம் இருக்கவங்க இத தினமும் செய்யணும், உப்புக் காத்து யாரையும் விடாது.

எலெக்ஷன் வந்தா துப்பாக்கிய ஒப்படைக்கணும். 2021-ல ஒப்படைச்ச இடத்துல ஈரத் துணியோட சுத்தி வச்சுட்டாங்க, திரும்பி வாங்கும்போ சிலைடு மேல அரிசி மணி அளவுல நாலு துரு. கேக்க ஆளில்ல. 2024-ல நானே கெட்டியா எண்ணெய் பூசி, மெழுகுக் காகிதத்துல சுத்தி, பையில சிலிக்கா பொட்டலம் ரெண்டு போட்டு, சாமானம் எப்படி இருக்குன்னு போட்டோ எடுத்து ரசீதுல எழுதி வாங்கிட்டுதான் குடுத்தேன். அப்படியே திரும்பி வந்துச்சு. நீங்களும் ரசீதுல எழுதச் சொல்லுங்க.

புதுசுதான் வேணும், பழசுக்கு காசு இல்லன்னா ரிவால்வர் பக்கமும் பாருங்க. ரிவால்வர் பிடிக்கு உள்ள மேகசின் இல்ல, அதனால பலகைய எந்த அளவுக்கும் பெரிசாக்கலாம், பெரிய கைக்கு அது பெரிய சௌகரியம். கான்பூர்ல பெண்களுக்குன்னு 2014-ல விட்ட நிர்பீக் மாதிரி 500 கிராம் சாமானம் நமக்கு ஆவாது. 2023-ல வந்த பிரபல் ரிவால்வர நான் கையில பிடிச்சதில்ல, அதனால அதப் பத்தி ஒண்ணும் எழுதல.

போன மாசம் அப்பா பழைய பிஸ்டல எடுத்து துடைச்சுட்டு இருந்தாவ, பிடி முன்பக்கத்துல அந்த சைக்கிள் டியூப் துரு தடம் இப்பவும் லேசா தெரியுது. 1922-அ கையில குடுத்தேன், ஆசாரி செஞ்ச பலகை அவிய கைக்கு ரொம்ப தடி, டிரிக்கர்ல விரல் நுனி கூட சரியா எட்டல. ரெண்டு தடவ பிடிச்சுப் பாத்துட்டு திருப்பித் தந்துட்டாவ. பழசுக்கு இன்னொரு சொட்டு எண்ணெய் விட்டாவ.