கமுண்டா 7 ப்ராசஸ் இன்ஜின்: எதற்குத் தோதுப்படும், எங்கே மாட்டிக்கொள்ளும்

கொள்முதல் கோரிக்கை, பில் ஒப்புதல், புது ஊழியரைச் சேர்ப்பது மாதிரியான வேலைகள் நாலைந்து பேர் கைமாறித்தான் முடியும். அந்தக் கைமாற்றத்தை மின்னஞ்சலிலிருந்தும் எக்செல் தாளிலிருந்தும் பிடுங்கி, வேலையைப் படிப்படியாக நகர்த்தும் ஒரு மென்பொருள் இன்ஜினிடம் ஒப்படைக்க நினைப்பவர்களுக்குக் கமுண்டா 7 நல்ல மென்பொருள். எந்த வேலை எங்கே நிற்கிறது, யாரிடம் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று எந்த நேரத்திலும் காட்டும். அதற்காகவே இதை எடுக்கலாம். ஆனால் வேலை நடக்கும் முறையை அது மாற்றித் தராது. ஏழு கையெழுத்துக்கு அலைந்த ஃபைலின் பாதையை அப்படியே கமுண்டாவில் படமாக வரைந்தால், அதே ஃபைல் ஏழு பேர் திரையில் வரிசையாகப் போய் உட்கார்ந்திருக்கும். இன்ஜின் நிறுவிய பிறகும் தாமதம் குறையவில்லை என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

முறையை மாற்றுவது என்றால் என்ன என்பதற்கு 1980-களில் ஃபோர்டு செய்தது இன்றும் சரியான உதாரணம். வட அமெரிக்காவில் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் பிரிவில் மட்டும் 500-க்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். கம்ப்யூட்டர் வைத்தால் ஆட்களில் 20 சதவீதம் குறையும் என்று முதலில் கணக்குப் போட்டார்கள். அதே வேலையை மாஸ்டாவில் 5 பேர் செய்துகொண்டிருந்தார்கள். கம்பெனி அளவில் இருக்கும் வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி மிகப் பெரிது. ஃபோர்டில் கொள்முதல் ஆணை, சரக்கு வந்த ரசீது, பில் ஆகிய மூன்றையும் 14 விவரங்களில் ஒத்துப்பார்த்தார்கள். ஒத்துவராதவற்றைத் துரத்துவதில்தான் நேரம் போனது. கடைசியில் அவர்கள் பில்லையே எடுத்துவிட்டார்கள். சரக்கு வந்து இறங்கும் இடத்தில் இருப்பவர் டேட்டாபேஸில் ஆணையைப் பார்த்து ஏற்றுக்கொண்டால், பணம் போய்விடும். ஒத்துப்பார்க்க வேண்டியது பாக எண், அளவு அலகு, சப்ளையர் குறியீடு என மூன்றே விவரங்கள். ஆட்கள் 75 சதவீதம் குறைந்தார்கள். பழைய வழியை வேகப்படுத்தியிருந்தால் இது கிடைத்திருக்காது.

ஆகவே கமுண்டாவில் படம் வரையும் மாடலரைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு படிக்கும் இரண்டு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: உண்மையில் வேலை செய்த நேரம், மேசையில் காத்துக் கிடந்த நேரம். ஒரு கோரிக்கைக்கு மொத்த வேலை 40 நிமிடம், ஆனால் முடிய 9 நாள் ஆகிறது என்றால், திரையை அழகாக்கி எந்தப் பயனும் இல்லை. காக்க வைக்கும் படிகளைத்தான் நீக்க வேண்டும். அடுத்து, ஒவ்வொரு ஒப்புதலுக்கும் ஒரே கேள்வி: இவர் கடைசியாக எப்போது மறுத்தார்? ஒருபோதும் மறுக்காதவரின் ஒப்புதல் தகவலுக்காக மட்டுமே நடக்கிறது. அவருக்கு ஒரு அறிவிப்பு போனால் போதும், வேலை அவருக்காக நிற்க வேண்டியதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது

ஆக்டிவிட்டி என்ற திறந்த மூல இன்ஜினிலிருந்து 2013-ல் பிரிந்து வந்ததுதான் கமுண்டா. ஜாவாவில் எழுதப்பட்டது, ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதிய அப்ளிகேஷனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம், தனி சர்வராக ஓட்டி ரெஸ்ட் என்ற இணைய இடைமுகம் வழியாகவும் பேசலாம். படம் வரைய மாடலர், ஊழியர்களுக்கு டாஸ்க்லிஸ்ட், கண்காணிக்கக் காக்பிட். படம், வேலைப் பாதைகளை வரைவதற்கான பிபிஎம்என் 2.0 முறையில் இருக்கும். 2011-ல் வெளியான அந்தத் தரம் 2013-ல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. இதில் பிடித்த விஷயம், வரைந்த எக்ஸ்எம்எல் கோப்பே நேராக ஓடுகிறது. மேலாளர் பார்க்கும் படம் ஒன்று, சர்வரில் ஓடுவது வேறொன்று என்ற பழைய வம்பு இங்கே இல்லை.

டாஸ்க்லிஸ்ட் சாதாரணம்தான். சோதித்துப் பார்க்கப் போதும். நாள் முழுக்க அதில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்குச் சொந்தத் திரை செய்து கொடுப்பதே நல்லது. காக்பிட் அருமை, ஆனால் இலவசப் பதிப்பில் ஓடிக்கொண்டிருப்பவை மட்டுமே தெரியும். முடிந்தவற்றின் வரலாறு கட்டணப் பதிப்பில்தான் உண்டு.

ஒரு பில் ஒப்புதலை வைத்துப் பார்ப்போம்

மேலாளர் ஒப்புதல் தர வேண்டும். 2 நாளில் தரவில்லை என்றால் நினைவூட்டல் போக வேண்டும். இதற்குப் படத்தில் ஒப்புதல் படியைக் குறிக்கும் பெட்டியின் விளிம்பில் ஒரு டைமர் ஒட்டுவோம். மாடலர் இயல்பாகத் தருவது முழுக்கோடு போட்ட டைமர். நேரம் ஆனதும் அது பெட்டியையே ரத்து செய்துவிடும்: நினைவூட்டல் மின்னஞ்சல் போகும், ஆனால் ஒப்புதல் வேலை மேலாளர் பட்டியலிலிருந்து மறைந்திருக்கும். நினைவூட்டலுக்குத் தேவை நான்-இன்டரப்டிங் வகை, அதாவது விட்டுவிட்டு வரையப்பட்ட கோடு. வேலையை மேலதிகாரிக்கே மாற்றுவதானால் மட்டும் முழுக்கோடு சரி. இந்த ஒரு கோட்டு வித்தியாசத்தைத் தணிக்கை செய்யாமல் எந்தப் படத்தையும் டெப்ளாய் செய்யாதீர்கள்.

கிளை பிரியும் இடங்களிலும் கவனம் தேவை. ஒரே ஒரு பாதையை மட்டும் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்க்ளூசிவ் கேட்வேயில் பிரிந்த பாதைகளை, எல்லாப் பாதைகளும் வந்து சேரும்வரை நிற்கும் பேரலல் கேட்வேயில் சேர்த்தால், வராத இன்னொரு டோக்கனுக்காக (பாதையில் வேலை எங்கே இருக்கிறது என்பதற்கான குறி) அது முடிவில்லாமல் காத்திருக்கும். எந்தப் பிழையும் வராது, சிவப்பு விளக்கும் எரியாது. பில் மட்டும் அங்கேயே கிடக்கும். எக்ஸ்க்ளூசிவ் கேட்வேயில் எந்த நிபந்தனையும் பொருந்தாமல், டிஃபால்ட் பாதையும் குறிக்காமல் விட்டிருந்தால் பிழை வரும். அது எவ்வளவோ மேல், கண்ணில் படும்.

அதிக சேதம் வருவது, முழுதும் நடக்கும் அல்லது முழுதும் ரத்தாகும் வேலைத்தொகுப்பான டிரான்சாக்‌ஷன் எல்லையில். மேலாளர் ‘ஒப்புதல்’ பொத்தானை அழுத்துகிறார். அடுத்த பெட்டி கணக்கு மென்பொருளில் பதிவிடுகிறது, அதற்கடுத்தது சப்ளையருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறது. எதையும் மாற்றாமல் விட்டால் இந்த மூன்றும் ஒரே மூச்சில், ஒரே டிரான்சாக்‌ஷனில் ஓடும். மின்னஞ்சல் சர்வர் படுத்திருந்தால் இன்ஜின் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டு, ஒப்புதல் பெட்டியிலேயே வந்து நிற்கும். ஆனால் கணக்கு மென்பொருளில் விழுந்த பதிவை இன்ஜினால் திருப்ப முடியாது. மேலாளருக்கு ஏதோ பிழை என்று தெரிகிறது, மறுபடி அழுத்துகிறார். அதே பில் கணக்கில் இரண்டாவது முறை ஏறுகிறது.

இதற்கு இரண்டு காப்பு வேண்டும். வெளி உலகத்தைத் தொடும் ஒவ்வொரு பெட்டிக்கும் அசிங்க்ரனஸ் பிஃபோர் என்ற அமைப்பைப் போடுங்கள். அங்கே ஒரு சேமிப்புப் புள்ளி விழும், பிழை வந்தால் அந்தப் பெட்டி மட்டுமே மறுபடி ஓடும். அதோடு, பெறும் பக்கத்திலும் ஒரே பில் எண் இரண்டாவது முறை வந்தால் அமைதியாகத் தள்ளிவிடும் வசதி வேண்டும். பதிவு விழுந்த பிறகு, இன்ஜின் அதைக் குறித்துக்கொள்வதற்குள் சர்வர் நின்றால் அந்தப் பெட்டி மறுபடி ஓடத்தான் செய்யும். சரியாக ஒரே ஒரு முறை என்ற உறுதியை இந்த இன்ஜின் தருவதில்லை. பில் எண்ணைத் தொடக்கத்திலேயே பிசினஸ் கீயாக, அதாவது அந்த வேலையின் அடையாளமாக, வைத்துவிட்டால் இந்தச் சோதனைக்கும் உதவும், பின்னால் காக்பிட்டில் தேடவும் உதவும்.

மறுமுயற்சியை அப்படியே விடாதீர்கள். இயல்பாக 3 முறை, நடுவில் இடைவெளி குறிக்கப்படாமல் இருக்கும். மின்னஞ்சல் சர்வர் பத்து நிமிடம் படுத்தால் மூன்று வாய்ப்பும் அதற்குள் தீர்ந்து இன்சிடென்ட்டாக, அதாவது ஆள் வந்து பார்க்க வேண்டிய சிக்கலாக, நிற்கும். 5 முறை, 10 நிமிட இடைவெளி என்று அமைத்தால் பெரும்பாலானவை தானே சரியாகிவிடும். இன்சிடென்ட் விழுந்தால் யார் பார்ப்பது என்பதற்கும் ஒரு பெயர் வேண்டும். காக்பிட்டில் சிவப்பாக 60 பில் நிற்பதை யாரும் திறந்து பார்க்கவில்லை என்றால் பழைய அலமாரியே தேவலாம்.

நீண்ட நேரம் ஓடும் வேலைக்கு இன்னொரு பொறி உண்டு. பின்னணி வேலைகளை ஓட்டும் ஜாப் எக்ஸிக்யூட்டர் ஒரு ஜாபை இயல்பாக 5 நிமிடம்தான் பூட்டி வைக்கும். அதைத் தாண்டினால் அதே ஜாபை வேறு திரெட் எடுத்து மறுபடி ஓட்டும். பெரிய அறிக்கை தயாரிப்பது மாதிரியானவற்றை எக்ஸ்டர்னல் டாஸ்க்காக்கி, அதாவது இன்ஜினுக்கு வெளியே ஓடும் நிரல் எடுத்துச் செய்யும் வேலையாக்கி, பூட்டும் நேரத்தை அந்த வேலைக்கேற்ப வைப்பதே வழி.

விதிகள், பதிப்புகள்

‘50,000 வரை பிரிவு மேலாளர், அதற்கு மேல் நிதி அதிகாரி’ மாதிரியான விதிகளைக் கேட்வேகளில் எழுதாமல் டிஎம்என் எனப்படும் முடிவு விதி அட்டவணையில் வைத்தது கமுண்டாவின் பெரிய பலம். நிதிப் பிரிவே வாசித்துச் சரிபார்க்கலாம். எல்லை எண்களைத்தான் பார்க்க வேண்டும். ஒரு வரி 50,000-க்குக் கீழே, அடுத்தது 50,000-க்கு மேலே என்று இருந்தால், சரியாக 50,000 வரும் நாளில் எந்த வரியும் பொருந்தாது. வெறும் விடை வந்து அடுத்த பெட்டி உடையும். பல வரிகள் பொருந்தினால் என்ன செய்வது என்ற ஹிட் பாலிசியை யுனிக் என்றே வைத்திருங்கள். இரண்டு வரி பொருந்தினால் அது பிழை எழுப்பிக் காட்டிக்கொடுக்கும். ஃபர்ஸ்ட் என்றால் முதல் வரியை எடுத்துக்கொண்டு போய்விடும், முரண்பாடு தெரியாமலே இருக்கும்.

புதுப் படத்தை ஏற்றினால், ஏற்கெனவே ஓடுபவை பழைய படத்திலேயே முடியும். புதிதாகத் தொடங்குபவை மட்டும் புதியதை எடுக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் படம் அழைக்கும் டிஎம்என் அட்டவணைக்கும் துணைப் ப்ராசஸுக்கும் பைண்டிங் (எந்தப் பதிப்பை எடுப்பது என்ற அமைப்பு) இயல்பாக ‘லேட்டஸ்ட்’. பழைய படத்தில் பாதி தூரம் வந்த பில்லுக்கு நடுவழியில் புது விதி பொருந்திவிடும். சில இடங்களில் இதுதான் வேண்டும். தணிக்கைக்கு உட்பட்ட இடங்களில் வேண்டவே வேண்டாம். அங்கே ‘டெப்ளாய்மென்ட்’ என்று மாற்றி, படத்தையும் அட்டவணையையும் சேர்த்தே ஏற்றுங்கள்.

வேலையோடு கூடப் போகும் தகவல்களான வேரியபிள்களில் பில்லின் ஸ்கேன் கோப்பை வைக்காதீர்கள், ஆவண எண் போதும். எழுத்து வகை வேரியபிள் 4,000 எழுத்தைத் தாண்டினால் டேட்டாபேஸ் மறுக்கும். ஜாவா ஆப்ஜெக்ட்டை அப்படியே சீரியலைஸ் செய்து வைத்தால், ஆறு மாதம் கழித்து கிளாஸ் மாறியதும் பழையவை திறக்காது. ஜேசனாகவோ தனித்தனி மதிப்புகளாகவோ வையுங்கள்.

சர்வர் பக்கம் சுருக்கமாக. ஹெச்2 என்ற சிறிய டேட்டாபேஸ் சோதனைக்கு மட்டுமே. டேட்டாபேஸ் ஐசொலேஷன் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் ஒன்றின் மாற்றத்தை இன்னொன்று எப்போது பார்க்கும் என்ற அமைப்பு) ரீட் கமிட்டெடில் இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் இயல்பாகவே அப்படி, மைஎஸ்க்யூஎல் இயல்பாக ரிப்பீட்டபிள் ரீட், அதை மாற்றாவிட்டால், ஒன்றுக்கொன்று காத்து முடங்கும் டெட்லாக் வரும். 7.20-லிருந்து ஹிஸ்டரி டைம் டு லிவ், அதாவது வரலாற்றை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைக் குறிக்காத படத்தை இன்ஜின் இயல்பாக ஏற்காது. பலர் எரிச்சலாகிறார்கள், ஆனால் இது நல்ல கட்டாயம். வரலாற்று டேபிள்கள்தான் டேட்டாபேஸை நிரப்புபவை.

அதே வரலாற்று டேபிள்களில்தான் மறுவடிவமைப்புக்கு வேண்டிய தங்கமும் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எத்தனை மில்லி செகண்ட் என்று பதிவாகியிருக்கும். கட்டணப் பதிப்பு இல்லாமலே எஸ்க்யூஎல் போட்டு எடுக்கலாம். சராசரியைப் பார்க்காமல் மீடியனையும் மிக மோசமான 10 சதவீதத்தையும் பாருங்கள். ஒரு குறை: ஊழியர் டாஸ்க்கின் நேரத்தில் காத்திருந்ததும் வேலை செய்ததும் கலந்தே இருக்கும். பிரிக்க வேண்டுமானால் டாஸ்க்கை ஊழியர் தன்னுடையதாக எடுத்துக்கொண்ட (க்ளெய்ம் செய்த) நேரத்தை ஆபரேஷன் லாகிலிருந்து எடுக்க வேண்டும். ஹிஸ்டரி லெவல் ஃபுல் என்று இருந்து, சொந்தத் திரை வழியாகப் போகும்போது யார் செய்தார் என்ற அடையாளமும் இன்ஜினுக்குப் போனால்தான் அந்த லாக் நிரம்பும். முதல் நாளிலேயே இதைச் செய்யாவிட்டால் பின்னால் எண்ணிக்கை கிடைக்காது.

இப்போது எடுக்கலாமா

7-இன் இலவசப் பதிப்பு 2025 அக்டோபரில் வந்த 7.24-உடன் முடிந்துவிட்டது. அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் கட்டண வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே. 2022-ல் வந்த கமுண்டா 8 பெயரில் மட்டும்தான் அடுத்த பதிப்பு. உள்ளே ஸீபி என்ற வேறு இன்ஜின். இன்ஜினுக்குள் ஓடும் ஜாவா டெலிகேட் நிரல்கள் எல்லாம் வெளியே ஓடும் வொர்க்கராக மாற வேண்டும், எக்ஸ்பிரஷன்கள் ஃபீல் மொழிக்கு மாற வேண்டும். சொந்த சர்வரில் ஓட்டினாலும் 8.6 முதல் புரொடக்‌ஷனுக்குக் கட்டண உரிமம் தேவை.

ஏற்கெனவே 7-ல் இருப்பவர்கள் பதறி 8-க்குத் தாவ வேண்டாம். ஆபரட்டான், சிஐபி செவன் என்ற இரண்டு கிளைகள் 7-இன் மூலநிரலிலிருந்து பிரிந்து திறந்த மூலமாகவே தொடர்கின்றன. அவற்றுக்கு மாறுவது 8-க்கு மாறுவதைவிடப் பல மடங்கு சுலபம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: ஜாவா தெரிந்த இரண்டு பேராவது நிரந்தரமாக இருந்தால் இந்தக் கிளைகளில் ஒன்றையோ ஃப்ளோவபிள் என்ற இன்னொரு இன்ஜினையோ எடுங்கள். அப்படி ஆள் இல்லை, ஒப்புதல் பாதையும் மூன்று படிதான் என்றால், ஏற்கெனவே இருக்கும் ஈஆர்பி மென்பொருளின் ஒப்புதல் வசதியே போதும். தனி இன்ஜின் தேவையில்லை. எதை எடுத்தாலும் புது வேலைகளை எக்ஸ்டர்னல் டாஸ்க்காகவே எழுதுங்கள். இன்ஜினை மாற்ற வேண்டி வந்தால் படத்தையும் இணைப்பையும் மட்டும் திருத்தினால் போதும், கணக்கில் பதிவிடும் நிரலைத் திரும்ப எழுத வேண்டியிருக்காது.