அம்மாவோட செலவுக்கு வரிச் சலுகை: பழைய ரெஜிமா, புது ரெஜிமா, இல்ல அம்மா பேர்லயே பணத்தைப் போட்டுடலாமா?

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. வலது கை கால் வரல, பேச்சும் பாதிதான், என்னம்மா வேணும்னு கேட்டா "அது... அது..."ன்னு இடது கையைக் காட்டுவாங்க. வேளச்சேரில வாடகை வீடு, பகல்ல பாத்துக்க ஒரு அக்கா வராங்க, மாசம் 18,000, அதுக்கு மேல பிசியோ, டயாப்பர், மாத்திரை. இதுல எவ்ளோ வரில கழிக்கலாம்னு தேடித் தேடிப் பாத்ததை எழுதுறேன், கணக்கெல்லாம் 2025-26 வருமானத்துக்கு. ரெஜிம்னா வருமான வரி கணக்குப் போடுற முறை, பழசு, புதுசுன்னு ரெண்டு இருக்கு. கீழ வர 80டி, 80டிடி எல்லாம் வருமான வரிச் சட்டத்துல இருக்குற பிரிவுங்க, அதுல காட்டுற தொகையை வருமானத்துல கழிச்சுட்டு மிச்சத்துக்குத்தான் வரி.

80டி எல்லாருக்கும் தெரிஞ்சது, ஹெல்த் இன்சூரன்ஸ் ப்ரீமியத்துக்கான பிரிவு. பெத்தவங்களுக்கு 60 வயசு ஆயிட்டா அவங்க ப்ரீமியத்துல 50,000 வரைக்கும் கழிக்கலாம், அவங்க உங்களை நம்பித்தான் இருக்கணும்னு கட்டாயம்கூட இல்ல, பென்ஷன் வாங்குற அப்பாவுக்கு நீங்க கட்டினாலும் செல்லும். இன்சூரன்ஸே இல்லாதவங்கன்னா அதே 50,000க்குள்ள மருத்துவச் செலவைக் காட்டலாம். எங்கம்மா இந்த ரெண்டாவது வகை. ஆனா இதுல காசா குடுத்தது செல்லாது, அது தெரியாம மொத வருஷம் பிசியோ தம்பிக்கு ஒவ்வொரு தடவையும் 500 ரூபா கைல குடுத்தேன், மெடிக்கல்ஸ்லயும் கேஷ்தான், மார்ச் மாசம் பில் டப்பாவைத் திறந்தா பாதி பில்லு மை அழிஞ்சு வெறும் வெள்ளைப் பேப்பரா கெடக்கு. இப்ப எல்லாமே ஜிபே, பில் வந்த அன்னைக்கே போட்டோ.

80டிடிபி குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டும். கேன்சர், கிட்னி ஃபெயிலியர், அப்புறம் பார்கின்சன்ஸ், டிமென்ஷியா மாதிரி நரம்பு வியாதிங்க, அதுவும் பாதிப்பு 40 சதவீதமாவது இருக்கணும். 60 வயசுக்கு மேலன்னா 1 லட்சம் வரைக்கும், நெஜமா செலவானது மட்டும், இன்சூரன்ஸ்ல திரும்ப வந்ததைக் கழிச்சுடணும். ஸ்ட்ரோக்குன்னு பேரு அந்த லிஸ்ட்ல இல்ல, ஆனா ஸ்ட்ரோக்கால பேச்சு போற அஃபேசியா இருக்கு, அதனால நியூராலஜிஸ்ட் கிட்ட சீட்டு வாங்கும்போது அந்த வார்த்தையை எழுதியிருக்காரான்னு பாத்துக்கங்க. 80டில காட்டின பில்லை இங்க மறுபடி காட்டக் கூடாது.

என்னைக் கேட்டா இதுங்க எல்லாத்தையும் விட பெருசு 80டிடி, நம்மள நம்பி இருக்குற மாற்றுத்திறனாளி சொந்தத்துக்கான பிரிவு, அதைத்தான் நெறைய பேரு விட்டுடுறாங்க. ஏன்னா நம்ம வீட்ல படுத்துட்ட அம்மாவை மாற்றுத்திறனாளின்னு நெனைக்கவே மனசு வராது. எனக்கும் வரல, ஒரு வருஷம் சும்மாவே விட்டுட்டேன். 40 சதவீதம் பாதிப்புன்னு சான்றிதழ் இருந்தா 75,000, 80ஓ அதுக்கு மேலயோன்னா 1,25,000, எவ்ளோ செலவு பண்ணீங்கன்னு கணக்கே இல்ல, முழுத்தொகையும் அப்படியே கழியும். பாத்துக்குற அக்காவோட சம்பளத்துக்குன்னு தனியா ஒரு பிரிவு எங்கயும் கெடையாது, நர்சிங்ன்ற வார்த்தை இருக்குறதே இந்தப் பிரிவுலதான். மாமனார் மாமியாருக்கு மட்டும் இது எதுவும் வராது, உங்க வீட்டம்மா சம்பாதிச்சா அவங்கதான் அவங்க அப்பா அம்மாவுக்கு கழிக்கணும். சான்றிதழுக்கு அரசு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போன அன்னைக்கு டாக்டர் "கையைத் தூக்குங்கம்மா"ன்னு சொன்னப்ப அம்மா இடது கையால வலது கையைத் தூக்கிக் காட்டினாங்க.

இப்ப கஷ்டமான விஷயத்துக்கு வரேன். இது எல்லாமே பழைய ரெஜிம்ல மட்டும்தான். 16 லட்சம் சம்பளம்னு வைங்க. புது ரெஜிம்ல சம்பளக்காரங்களுக்குப் பொதுவா குடுக்குற ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 கழிச்சு வரி 1,13,100. பழசுல அதே ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 50,000, பிஎஃப், எல்ஐசி மாதிரி சேமிப்புக்கான 80சி 1.5 லட்சம், நமக்கும் அம்மாவுக்கும் 80டி 75,000, 80டிடி 1.25 லட்சம், 80டிடிபி 1 லட்சம்னு எல்லாத்தையும் முழுசா எடுத்தாலும் 1,48,200 வருது. அதாவது அம்மாவோட சலுகை அத்தனையும் சேர்ந்தும் புதுசை ஜெயிக்க முடியல. வாடகைதான் திருப்புது. சம்பளத்துல பேசிக் வருஷத்துக்கு 6.4 லட்சம், வாடகை மாசம் 22,000ன்னா எச்ஆர்ஏல, அதாவது சம்பளத்தோட வர வீட்டு வாடகைப் படில, 2 லட்சம் கழியும், வரி 96,200க்கு எறங்கிடும். வீட்டு லோன் வட்டி இருக்குறவங்களுக்கும் இதே மாதிரிதான். சம்பளம் 12.75 லட்சத்துக்குள்ளன்னா புதுசுல வரியே இல்ல, யோசிக்கவே வேணாம்.

மூணாவது வழி ரெண்டு ரெஜிம்லயும் செல்லும், அம்மாவுக்கு பணமாவே குடுத்துடுறது. பெத்தவங்களுக்குக் குடுக்குற பணத்துக்கு அவங்களுக்கும் வரி இல்ல, அதுல வர வட்டியும் நம்ம கணக்குல சேராது, பொண்டாட்டி பேர்ல போட்டா சேரும். 6 லட்சத்தை அம்மா பேர்ல சீனியர் சிட்டிசன் ஸ்கீம்ல 8.2 சதவீதத்துல போட்டா மூணு மாசத்துக்கு 12,300 வரும், அதே வட்டி என் பேர்ல வந்தா புது ரெஜிம்ல வருஷத்துக்கு 7,675 ரூபா வரி. ஆனா குடுத்தா அது அம்மா பணம், கூடப் பொறந்தவங்க இருந்தா மொதல்லயே உக்காந்து பேசிடுங்க. தொகையும் அளவாவே இருக்கட்டும், வட்டிலயே அம்மா பொழைக்கிறாங்கன்னு ஆயிட்டா 80டிடிக்கு உங்களை நம்பி இருக்காங்கன்னு சொல்ல முடியாது. நான் போட்டது 6 லட்சம்தான், ஃபாரத்துல அம்மா இடது பெருவிரல் வச்சாங்க.

நான் இந்த வருஷம் பழைய ரெஜிம் கூட அம்மா பேர்ல டெபாசிட், ரெண்டையும் சேர்த்துதான் போறேன். ஆனா எனக்கு வாடகை இருக்கு, சொந்த வீட்ல லோன் முடிச்சுட்டு அம்மாவைப் பாத்துக்குற ஒருத்தருக்கு என்ன இருக்கு? கம்பெனி நமக்காக என்பிஎஸ்ன்ற பென்ஷன் திட்டத்துல போடுற பணத்துக்கு புது ரெஜிம்ல 14 சதவீதம் வரை எடம் வச்சிருக்காங்க, படுக்கைல இருக்குற அம்மாவுக்கு ஒரு ரூபா இல்ல. 80டிடியை மட்டுமாவது அதுல சேர்க்கணும், ஏமாத்த வழியே இல்ல, அரசு டாக்டர் குடுக்குற சான்றிதழ்தானே.

ஆபீஸ்ல புதுசுன்னு சொல்லியிருந்தாலும் பரவால்ல, சம்பளக்காரங்க ரிட்டர்ன் போடும்போது பழசுக்கு மாறிக்கலாம். கெடு தேதிக்குள்ள போட்டுடணும், ஒரு நாள் தாண்டினாலும் அந்த வருஷத்துக்கு புதுசுதான்.