வாசகர்கள் கேட்டு வாங்கிய நாவல்: ஹ்யூ ஹோவியின் ‘வூல்’

2011 ஜூலையில், பதிப்பகம் எதுவும் பின்னால் இல்லாமல், அமேசான் கிண்டிலில் 99 சென்ட் விலைக்கு ஒரு சிறு மின்னூல் வெளியானது. எழுதியவர் ஹ்யூ ஹோவி. முன்பு உல்லாசப் படகுகளின் மாலுமியாக இருந்த அவர், அப்போது அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ‘வூல்’ என்ற அந்தக் கதை, தொடங்கிய இடத்திலேயே முடிந்துவிடும் தனிக்கதையாகத்தான் எழுதப்பட்டது. அந்த விலையில் விற்கும் நூலுக்குக் கிண்டில் தரும் உரிமத்தொகை 35 சதவீதம். அதாவது ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 35 சென்ட். அந்த வருமானத்தை நம்பி யாரும் வேலையை விட மாட்டார்கள். சில மாதங்களில் ஹோவி மேலும் நான்கு பகுதிகளை எழுதினார். 2012 ஜனவரியில் ஐந்தும் சேர்ந்து ஒரே தொகுப்பாக வந்தன. இடையில் நடந்தது ஒன்றுதான்: படித்தவர்கள் நூலின் விற்பனைப் பக்கத்தில் மதிப்புரை எழுதி, அடுத்தது எங்கே என்று கேட்டார்கள்.

வார இதழ்த் தொடர்கதைகளில் ஊறிய தமிழ் வாசகருக்கு இந்த ஆவல் புதிதல்ல. ஆனால் அங்கே ‘தொடரும்’ என்று போடுவது எழுத்தாளரும் ஆசிரியர் குழுவும் முன்பே எடுத்த முடிவு. வாசகர் கடிதம் அதற்குப் பிறகு வருவது. இங்கே ‘முற்றும்’ என்று போட்ட கதையை வாசகர்கள் ‘தொடரும்’ ஆக்கினார்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு, அதே மூச்சில் ‘இவ்வளவு சிறியதாக இருக்கிறதே’ என்று குறைபட்டுக்கொள்வதுதான் அந்த மதிப்புரைகளின் பொதுவான தொனி. விற்பனைப் பக்கங்களில் நாம் வழக்கமாகக் காணும் புகழுரைகளைவிட இந்த வகைக் குறையை நான் அதிகம் நம்புவேன். புகழ்ச்சியைச் சுற்றத்தாரிடம் சொல்லி எழுதி வாங்கிவிடலாம், இன்னும் வேண்டும் என்ற பொறுமையின்மையை அப்படி வாங்க முடியாது.

அந்தப் பொறுமையின்மைக்கு நூல் தகுதியானதா என்பதுதான் கேள்வி. கதையின் உலகம் விசித்திரமானது. பூமியின் மேற்பரப்பு நச்சுக்காற்றால் பாழாகிவிட்டதால், எஞ்சிய மக்கள் நிலத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களாக இறங்கும் ஒரு கட்டடத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். மின்தூக்கி கிடையாது, மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே ஒரு சுழற்படிக்கட்டு. வெளியுலகம் உச்சித் தளத்து உணவுக்கூடச் சுவரில் உள்ள திரையில் மட்டுமே தெரிகிறது. அதைக் காட்டும் கேமராக்களின் கண்ணாடியில் புழுதி படியப்படியக் காட்சி மங்கிக்கொண்டே வருகிறது. வெளியே போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்வதே அங்கே குற்றம். சொன்னவருக்குப் பாதுகாப்பு உடை மாட்டி, கண்ணாடியைத் துடைக்கக் கம்பளித் துண்டுகளைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். போனவர் எவரும் திரும்பியதில்லை. ஆனால் ‘துடைக்கவே மாட்டேன்’ என்று சபதம் செய்துவிட்டுப் போனவர்கள்கூட, வெளியே போனதும் நின்று நிதானமாகத் துடைக்கிறார்கள். ஏன்? முதல் பகுதி முழுவதும் இந்த ஒரு கேள்வியின் மேல் நிற்கிறது. விடையும் அதே பகுதியிலேயே கிடைக்கிறது. அது இரண்டு திருப்பங்கள் கொண்ட விடை என்பதற்கு மேல் இங்கே சொல்வது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

கதைக் கருவைவிட என்னை நிறுத்தியது முதல் பக்கத்துப் படிக்கட்டு. சாவதற்காகப் படியேறிப் போகும் ஒரு காவல் அதிகாரி, கால் வைக்கும் இரும்புப் படிகளைப் பார்க்கிறார். வழுக்காமல் இருக்கப் பொறித்திருந்த சிறு வைர வடிவங்கள் படியின் நடுவில் முற்றிலும் தேய்ந்துபோயிருக்கின்றன. இரு ஓரங்களில் மிஞ்சியிருப்பதை வைத்துத்தான் நடுவில் என்ன இருந்தது என்று ஊகிக்க முடிகிறது. எத்தனை தலைமுறை அங்கே ஏறி இறங்கியது, அவர்கள் எதையெல்லாம் மறந்தார்கள் என்ற விவரத்தை வரலாற்றுக் குறிப்பு ஏதும் இல்லாமல் ஒரு படியை வைத்தே சொல்லிவிடுகிறார் ஹோவி. இந்தக் கவனம் உள்ளவர் எழுதியதால்தான் ஒரு சிறு மின்னூலுக்கு அத்தனை மதிப்புரைகள் குவிந்தன என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பகுதியைப் பற்றி வாசகர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். வயதான மேயரும் துணைக் காவல் அதிகாரியும் காலியான காவல் அதிகாரி பதவிக்கு ஆள் தேடி அடித்தளம் வரை நடந்து இறங்கித் திரும்பி ஏறுகிறார்கள். நாள்கணக்கில் நடக்கும் இந்தப் பயணம்தான் அந்தப் பகுதி. மெதுவாகப் போகிறது என்பது குறை சொல்பவர்களின் வாதம். மெதுவாகப் போகாமல் அந்தக் கட்டடத்தின் ஆழம் எப்படிப் புரியும்? முழங்கால் வலியும், இடைத்தளங்களில் தங்கும் இரவுகளும், மேல்தளத்தாருக்கும் கீழ்தளத்து இயந்திரத் தொழிலாளருக்கும் உள்ள வர்க்க இடைவெளியும், மேயருக்கும் துணைக் காவல் அதிகாரிக்கும் இடையே காலம் தாழ்ந்து முளைக்கும் அன்பும் அந்த நடையில்தான் தெரிகின்றன. ஐந்து பகுதிகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுவே.

பின்பகுதிகளை அதே அளவுக்குப் பாராட்ட முடியாது. கீழ்த்தளத்துப் பழுது நீக்குநரான ஜூலியட் கதையைத் தன் கையில் எடுத்துக்கொண்ட பிறகு வேகம் கூடுகிறது. நீருக்குள் இறங்கும் காட்சி மூச்சுமுட்ட வைக்கிறது. ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தி வேறு இடத்துக்குத் தாவும் உத்தி, ஒரு கட்டத்துக்குமேல் களைப்பாகிவிடுகிறது. ஒருசில சந்திப்புகளிலேயே வளர்ந்துவிடும் காதல் நம்பும்படியாக இல்லை. வில்லனோ தன் பக்க நியாயத்தைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும்போதும் வில்லனாகவே பேசுகிறார். ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று தூண்டிய வாசகர்களின் ஆர்வம் எழுத்தாளரை எழுத வைத்தது உண்மை. அதே ஆர்வம் நான்காம், ஐந்தாம் பகுதிகளில் அவரை ஓடவும் வைத்திருக்கிறது. நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் இருந்திருந்தால் ஐந்தாம் பகுதியில் கணிசமாக வெட்டியிருப்பார்.

வாசகர்கள் கொடுத்த பலத்தை ஹோவி பயன்படுத்திய விதம் தனியாகக் குறிப்பிடத்தக்கது. பெரிய பதிப்பகங்கள் தேடி வந்தபோது மின்னூல் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அச்சு உரிமையை மட்டும் சைமன் அண்ட் ஷுஸ்டருக்குக் கொடுத்தார். 2013 மார்ச்சில் அமெரிக்க அச்சுப் பதிப்பு வந்தது. அமெரிக்கப் பதிப்புலகில் அது அபூர்வமான ஒப்பந்தம். தன் உலகத்தில் வாசகர்கள் சொந்தமாகக் கதை எழுதி விற்கவும் அவர் அனுமதித்தார். படித்து ரசித்தவர் மதிப்புரை எழுதுகிறார், பிறகு அதே படிக்கட்டில் தன் பாத்திரங்களை ஏற்றி இறக்குகிறார். வாசகர்மேல் இந்த அளவு நம்பிக்கை வைக்கும் எழுத்தாளர்கள் குறைவு. 2023 மே மாதம் ஆப்பிள் டிவி பிளஸில் ‘சைலோ’ என்ற பெயரில் தொடராக வந்த பிறகு, புதிய வாசகர்கள் பலர் திரையிலிருந்து நூலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் யோசனை: தொகுப்பையே வாங்குங்கள், ஆனால் முதல் பகுதியைப் படித்ததும் ஒரு நாளாவது மூடி வையுங்கள். 2011இல் படித்தவர்களுக்கு அந்தக் கதை அங்கேயே முடிந்தது. அந்த முடிவின் கனத்தை உணராமல் பக்கத்தைத் தள்ளிவிட்டால், அவர்கள் ஏன் அப்படி எழுதிக் குவித்தார்கள் என்பது பிடிபடாது. ஆங்கிலம் எளிமையானது, இயந்திர அறைப் பகுதிகளில் மட்டும் சில தொழிற்சொற்களுக்கு அகராதி தேவைப்படலாம். மதிப்புரைகளைப் படித்துவிட்டுத் தொடங்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த ஒரு நூலுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது, உற்சாகத்தில் முடிவைப் போட்டு உடைப்பவர்கள் அங்கே நிறையப் பேர். இந்தக் கட்டடம் எப்படி உருவானது என்று சொல்லும் ‘ஷிஃப்ட்’, கதையை முடித்துவைக்கும் ‘டஸ்ட்’ ஆகிய அடுத்த இரு நூல்களையும் உடனே சேர்த்து வாங்க வேண்டியதில்லை. ‘வூல்’ இரண்டாம் பகுதியின் நடை உங்களுக்குச் சலிப்பூட்டவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்.